யுத்தத்துக்குப் பிறந்த ஜீப்: பளபளப்பாக்கினால் பாழாகும்!

கரிசல் மண்ணுக்கு ஒரு குணம் உண்டு. வெயில் அடித்தால் அது பாளம் பாளமாக வெடிக்கும். மழை பெய்தால் உப்பிக் களியாகிவிடும். நல்ல மழைக்குப் பிறகு அதில் காலை வைத்துப் பாருங்கள். செருப்பு மண்ணிலேயே நின்றுவிடும். கால் மட்டும்தான் மேலே வரும்! மாட்டு வண்டியின் சக்கரம் குடம் வரை புதையும். மாடுகள் மூச்சு வாங்கும்.

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு, சாத்தூர் என்று பரந்து கிடக்கும் பூமி இது. பருத்தியும் கம்பும் சோளமும் விளையும் மானாவாரிச் சீமை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இங்கே காட்டுப் பாதையில் வண்டி ஓட்டுவது பெரும் பாடு.

இந்த மண்ணுக்கென்றே செய்தது போல ஒரு வண்டி உண்டு. அதுதான் ஜீப். சாதாரணக் காரில் இரண்டு சக்கரங்கள் மட்டுமே வண்டியை இழுக்கும். ஜீப்பில் நான்கு சக்கரங்களும் இழுக்கும். ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினாலும் மற்றொன்று பிடித்துக்கொள்ளும்.

ஆனால் ஜீப் விவசாயிக்காகப் பிறந்தது அல்ல. அது யுத்தத்துக்காகப் பிறந்தது. இரண்டாவது உலக மகா யுத்தத்தின் போது அமெரிக்காவில் உருவானது. எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அந்தக் காலத்து ஜீப்புகள் இந்தியாவில் இன்னும் இருக்கின்றன. சில ஓடுகின்றன. சில தொழுவத்தில் கிடக்கின்றன. அவற்றைப் பழுது பார்த்து, பழைய கோலத்துக்கே கொண்டுவருவதில் ஆர்வம் உள்ளவர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள்.

எடைக்கா, எடுத்து வைக்கவா?

ஒரு வீட்டில் இப்படி ஒரு பேச்சு நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

"தாத்தா! இந்தப் பழைய ஜீப்பை எடைக்குப் போட்டிரலாமா? தொழுவத்துல சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டுக் கிடக்கு."

"ஏலே, அது இரும்பு இல்லடா, வண்டி! நீ பிறக்கிறதுக்கு முந்தியே சண்டையைப் பார்த்த வண்டி."

"அப்படின்னா நல்லா குரோமியம் பூசி, சிவப்புப் பெயிண்ட் அடிச்சு, பெரிய டயர் போட்டு ஓட்டலாம் தாத்தா. ஜம்முன்னு இருக்கும்!"

பேரன் சொன்ன இரண்டு யோசனைகளிலும் ஆபத்து இருக்கிறது. காயலான் கடைக்குப் போனால் ஜீப் ஒரே நாளில் அழிந்துவிடும். குரோமியம் பூசினால் ஜீப் இருக்கும். ஆனால் அதன் சரித்திரம் அழிந்துவிடும். என்ன காரணம்? முதலில் அதன் பிறப்பைத் தெரிந்துகொள்வோம்.

49 நாளில் பிறந்த குழந்தை

1940-ம் ஆண்டு. ஐரோப்பாவில் யுத்தம் மூண்டுவிட்டது. அமெரிக்க ராணுவத்துக்கு ஒரு சின்ன வண்டி தேவைப்பட்டது. இலேசாக இருக்க வேண்டும். மேடு பள்ளம் பார்க்காமல் ஓட வேண்டும். "யார் செய்து தருவீர்கள்?" என்று 135 கம்பெனிகளைக் கேட்டார்கள். மாதிரி வண்டியைக் கொடுப்பதற்கு 49 நாள்தான் கெடு!

பாண்டம் என்ற சிறிய கம்பெனி துணிந்து இறங்கியது. கார்ல் ப்ரோப்ஸ்ட் என்ற என்ஜினீயர் படம் வரைந்தார். 1940 செப்டம்பர் 23-ந் தேதி மாதிரி வண்டி ராணுவத்தின் கைக்கு வந்துவிட்டது.

ஆனால் பாண்டம் சின்னக் கம்பெனி. லட்சக் கணக்கில் வண்டி செய்ய அதனால் முடியாது. ஆகவே வில்லீஸ், போர்டு என்ற இரண்டு பெரிய கம்பெனிகளும் களத்தில் இறங்கின. வில்லீஸின் என்ஜின்தான் வலுவானது என்று தேர்ந்தெடுத்தார்கள். அதன் சக்தி 60 குதிரைச் சக்தி. போர்டு கம்பெனியும் அதே மாதிரியைப் பார்த்துச் செய்தது. யுத்தம் முடிவதற்குள் இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகளைச் செய்து தள்ளிவிட்டன.

அந்த வண்டியில் ஆடம்பரம் என்பது மருந்துக்கும் கிடையாது. கதவு இல்லை. பிற்பாடு வந்தவற்றில் சாவி கூட இல்லை. ஒரு சிறு திருகியைத் திருப்பினால் போதும். பெட்ரோல் டாங்க் டிரைவர் இருக்கைக்கு அடியில் இருந்தது. பெட்ரோல் ஊற்ற வேண்டுமானால் டிரைவர் எழுந்து நிற்க வேண்டும்!

அதில் கெட்டிக்காரத்தனம் நிறைய உண்டு. முன் விளக்குகளைத் திருகைத் தளர்த்தி உள்பக்கமாகத் திருப்பலாம். இருட்டில் என்ஜினைப் பழுது பார்க்க அதுவே வெளிச்சம். முன் கண்ணாடியை பானட் மீது படுக்க வைக்கலாம். பக்கவாட்டில் கைப்பிடிகள் வைத்திருந்தார்கள். எதற்காக? சேற்றில் சிக்கிக்கொண்டால் சிப்பாய்கள் சேர்ந்து பிடித்துத் தூக்குவதற்காக! கரிசல்காட்டில் வண்டி ஓட்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

குரோமியம் போயிற்று, பெட்ரோலும் போயிற்று

யுத்தம் வந்தால் எல்லாவற்றுக்கும் பஞ்சம் வரும். அமெரிக்காவில் குரோமியம், நிக்கல் போன்ற உலோகங்களை ஆயுதத்துக்கு ஒதுக்கினார்கள். 1942 ஜனவரி முதல், சாதாரண ஜனங்கள் வாங்கும் கார்களில் பளபளக்கும் அலங்காரப் பட்டைகள் கூடாது என்று உத்தரவு வந்தது. வெளிச்சமான பட்டை இருந்த இடத்தில் வெறும் பெயிண்ட் அடித்தார்கள். பிப்ரவரியில் கார் உற்பத்தியே நின்றுபோயிற்று. பிறகு 1945-ல்தான் மறுபடி தொடங்கியது.

ஆகவே 1942 தொடக்கத்தில் வந்த கார்கள் மங்கலாக இருக்கும். அதுதான் அவற்றின் அடையாளம். இன்று ஒருவர் அந்தக் காரை வாங்கி, பட்டைகளுக்கெல்லாம் குரோமியம் பூசுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கார் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதில் இருந்த 1942 போய்விடும்! பஞ்சத்தின் சாட்சியை அவரே அழித்துவிட்டார்.

நம் நாட்டிலும் இதே கதைதான். அங்கே குரோமியம் போயிற்று என்றால், இங்கே பெட்ரோல் போயிற்று. பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. பஸ்கள் ஓடுவதற்கு வழி இல்லை. அப்போது மதுரை டி.வி.எஸ். நிறுவனம் கரிவாயுக் கருவி செய்து விற்றது. அடுப்புப் போன்ற உருளையை வண்டியில் பொருத்தி, அதில் அடுப்புக்கரியைப் போட்டு எரிப்பார்கள். காற்றைக் குறைத்து எரித்தால் கரியிலிருந்து எரியும் வாயு வரும். அந்த வாயுவைக் கொண்டு என்ஜின் ஓடும். வேகம் குறைவு. புகையும் கரியும் அதிகம். ஆனாலும் பஸ் ஊர் போய்ச் சேர்ந்தது.

அப்படிப்பட்ட கருவியோடு ஒரு பஸ் இன்று கிடைத்தால், "இது அசிங்கமாக இருக்கிறது" என்று கழற்றி எறியலாமா? கூடாது அல்லவா? ஜீப்புக்கும் அதே நியாயம்தான்.

இந்தியாவுக்கு வந்தது எப்படி?

யுத்த காலத்தில் அமெரிக்கச் சேனை இந்தியாவில் முகாமிட்டிருந்தது. அஸ்ஸாமில் உள்ள லீடோ என்ற ஊரிலிருந்து பர்மா வழியாகச் சீனாவுக்கு மலையைக் குடைந்து, காட்டை வெட்டிச் சாலை போட்டார்கள். 1945 ஜனவரியில் லீடோவிலிருந்து புறப்பட்ட முதல் வண்டி வரிசை, பிப்ரவரியில் சீனாவின் குன்மிங் நகரைச் சேர்ந்தது. இந்தியப் படைகளும் ஜீப்பைப் பயன்படுத்தின.

யுத்தம் முடிந்ததும் மிஞ்சிய வண்டிகள் விற்பனைக்கு வந்தன. பிலிப்பைன்ஸ் நாட்டில் மிஞ்சிய ஜீப்புகளை நீட்டி, கூரை போட்டு, பஸ்ஸாகவே மாற்றிவிட்டார்கள். அதற்கு 'ஜீப்னி' என்று பெயர்.

இந்தியாவில் 1945-ல் மகிந்திரா சகோதரர்களும் குலாம் முகமது என்பவரும் சேர்ந்து ஒரு கம்பெனி தொடங்கினார்கள். தேசம் பிரிந்தபோது குலாம் முகமது பாகிஸ்தானுக்குப் போய் அந்த நாட்டின் முதல் நிதி மந்திரி ஆனார். கம்பெனியின் பெயர் 'மகிந்திரா அண்டு மகிந்திரா' என்று மாறியது. இந்தக் கம்பெனிதான் 1947-ல் வில்லீஸ் ஜீப்புகளைப் பகுதி பகுதியாக இறக்குமதி செய்தது. பிற்பாடு இந்தியாவிலேயே ஜீப் செய்தது.

இங்கேதான் குழப்பம் தொடங்குகிறது! நம் ஊரில் "பழைய மிலிட்டரி ஜீப்" என்று சொல்லப்படும் வண்டிகள் எல்லாம் யுத்த ஜீப் அல்ல. பல வண்டிகள் பிற்காலத்து மகிந்திரா ஜீப்புகள். இன்னும் சில வண்டிகளில் பாதி யுத்த ஜீப்; மீதி மகிந்திரா! ஏதாவது உடைந்தபோது கையில் கிடைத்ததைப் பூட்டி ஓட்டினார்கள். அதில் தப்பு இல்லை. அன்றைக்கு வண்டி ஓட வேண்டும், அவ்வளவுதான்.

அசலைக் கண்டுபிடிப்பது எப்படி?

சில அடையாளங்களைச் சொல்கிறோம். நீங்களே பார்த்துச் சொல்லலாம்.

முதலில் முகத்தைப் பாருங்கள். விளக்குகளுக்கு நடுவே நீளவாக்கில் துவாரங்கள் இருக்கும். தகட்டில் அடித்த யுத்த ஜீப் முகத்தில் 9 துவாரங்கள். யுத்தத்துக்குப் பிறகு ஜனங்களுக்காக வந்த ஜீப்பில் 7 துவாரங்கள். அதன் விளக்குகளும் பெரியவை. ஆரம்ப காலத்து வில்லீஸ் ஜீப்புகளில் மட்டும் தகட்டுக்குப் பதிலாக இரும்புப் பட்டைகளைப் பற்றவைத்திருப்பார்கள். அவை அபூர்வமானவை.

அடுத்து, பின்பக்கம் போங்கள். யுத்த ஜீப்பின் பின்புறத் தகடு திறக்காது. மாற்றுச் சக்கரம் அதன் மேல் மாட்டியிருக்கும். பின்கதவு இறங்கித் திறந்தால் அது பிற்கால ஜீப்.

பானட் உயரமாக, முகம் நீண்டு இருக்கிறதா? அதுவும் பிற்காலத்து ஜீப்தான்.

வில்லீஸா, போர்டா என்பதை எப்படி அறிவது? முன்பக்கம் சேசிஸின் குறுக்குச் சட்டத்தைப் பாருங்கள். வில்லீஸில் அது உருண்டைக் குழாய். போர்டில் அது சதுரமான சட்டம். இன்னொரு வேடிக்கையும் உண்டு. போர்டு கம்பெனி தன் பெயரின் முதல் எழுத்தைப் பல பாகங்களில் அடித்திருக்கிறது. போல்ட்டின் தலையில் கூட அந்த எழுத்து இருக்கும்! அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் துருப்பிடித்த ஒரு பழைய போல்ட்டைக் கூட எறிய மாட்டார்கள்.

சேசிஸ் எண்ணும் முக்கியம். வில்லீஸில் முன்பக்கம் இடது சட்டத்தின் உள்புறம் சிறு தகடாக அறைந்திருக்கும். போர்டில் இடது சட்டத்தின் மேலேயே குத்தியிருக்கும். கருவிப் பலகையில் மூன்று தகடுகள் உண்டு. ஒன்றில் வண்டியின் விவரமும் ராணுவத்துக்குக் கொடுத்த தேதியும் இருக்கும். மற்றொன்றில் எந்த கியரில் எவ்வளவு வேகம் போகலாம் என்று இருக்கும். உச்ச வேகம் மணிக்கு 65 மைல்.

பட்டறையில் என்ன செய்யவேண்டும்?

பழைய ஜீப் கிடைத்ததும் ஸ்பேனரை எடுக்காதீர்கள். முதலில் போட்டோ எடுங்கள். எந்தக் குழாய் எங்கே போகிறது, எந்தக் கம்பி எங்கே சேர்கிறது என்பதெல்லாம் படத்தில் இருக்கட்டும். கழற்றிய ஒவ்வொரு பாகத்துக்கும் சீட்டு எழுதிக் கட்டுங்கள். நட்டு, போல்ட்டுகளைத் தனித்தனி டப்பாவில் போடுங்கள்.

அடுத்தது துரு. கடலோர ஊர்களின் உப்புக் காற்று இரும்பைத் தின்றுவிடும். உள்நாட்டு வறண்ட காற்று அவ்வளவு கொடுமை செய்யாது. ஆனால் கரிசல் மண் வேறு வழியில் கெடுக்கும். அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் மண். ஜீப்பின் தரைத் தகட்டுக்கு அடியில் தொப்பி போல் வளைத்த பட்டைகள் இருக்கின்றன. அவற்றுக்குள் மரச் சட்டம் வைத்திருக்கிறார்கள். சேறு அங்கே புகுந்தால் மரம் ஈரத்தில் ஊறும், இரும்பு அரிக்கும். மேலே வண்டி நன்றாக இருக்கும். அடியில் சல்லடையாகி இருக்கும்! ஆகவே முதலில் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள்.

ஓட்டை விழுந்த இடத்தில் பட்டியை அப்பி மூடுவது சுலபம். ஆனால் அது நிற்காது. அரித்த பகுதியை வெட்டி எடுத்து, அதே கனமுள்ள தகட்டை அதே வடிவத்தில் தட்டிப் பற்றவைப்பதே சரியான முறை. நல்ல டிங்கர் மேஸ்திரிக்கு இது கைவந்த கலை.

பெயிண்டைச் சுரண்டும்போது பொறுமை வேண்டும். மேலே சிவப்பு இருக்கலாம். அதன் கீழே நீலம் இருக்கலாம். எல்லாவற்றுக்கும் அடியில் மங்கலான காக்கிப் பச்சை தெரியும். அதுதான் பிறவி நிறம். ஆகாய விமானத்திலிருந்து பார்த்தால் மின்னக் கூடாது என்பதற்காகவே மங்கலாக அடித்தார்கள். மெல்லத் தேய்த்தால் பானட்டின் பக்கவாட்டில் பழைய ராணுவ எண் கூடத் தெரியலாம். அமெரிக்க ராணுவத்து ஜீப் எண்கள் 20 என்று தொடங்கும். அந்த எண் தெரிந்துவிட்டால் அது புதையல்தான்! அவசரப்பட்டு மிஷினை வைத்துத் தேய்த்தால் புதையல் தூளாகிப் பறந்துவிடும்.

மேல்கூரைக்குத் தடித்த பருத்திக் கித்தான் போட்டார்கள். இன்று பிளாஸ்டிக் கித்தான் மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் பருத்தி விளையும் சீமையில் பருத்திக் கித்தானுக்குப் பஞ்சமா?

பாகங்கள் எங்கே கிடைக்கும்? சென்னை புதுப்பேட்டை பழைய மோட்டார் பாகங்களுக்குப் பெயர் போன இடம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பழைய மாதிரியிலேயே புதிய பாகங்கள் செய்து விற்கிறார்கள். பிலிப்பைன்ஸில் ஜீப்பின் கூடு முழுவதையும் புதிதாகத் தட்டித் தருகிறார்கள். அரியானாவில் மண்டி டப்வாலி என்ற ஊரில் ஜீப் கட்டுவதே தொழில்.

இதில் ஓர் எச்சரிக்கை! எல்லாப் பாகமும் கிடைக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் மாற்றினால், கடைசியில் நிற்பது யுத்த ஜீப் அல்ல. நேற்றுக் கட்டிய ஜீப். அதை "அசல் 1943" என்று விற்பவர்களும் உண்டு. வாங்குமுன் சேசிஸ் எண்ணையும் தஸ்தாவேஜையும் ஒத்துப் பாருங்கள்.

எதை மாற்றலாம்?

உயிருக்கு ஆபத்தான இடத்தில் பழமை பார்க்கக் கூடாது. பிரேக் ரப்பர், பிரேக் குழாய், டயர், மின்சாரக் கம்பி ஆகியவற்றைப் புதிதாகவே போட வேண்டும். பழைய பிரேக் பட்டைகளில் கல்நார் இருக்கலாம். அதன் தூசி நுரையீரலுக்கு விஷம். வாயால் ஊதக் கூடாது. உலர்ந்தபடி தேய்க்கக் கூடாது.

பெட்ரோல் குழாயும் முக்கியம். 2025-ல் நாடெங்கும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. அந்தக் காலத்து ரப்பரை எத்தனால் கெடுக்கும். குழாய் கசிந்தால் தீப்பிடிக்கும். டாங்க் எங்கே இருக்கிறது? டிரைவர் இருக்கைக்கு அடியில்! ஆகவே எத்தனாலைத் தாங்கும் புதிய ரப்பர்க் குழாய் போடுவது அவசியம்.

அமெரிக்க ஜீப்பில் ஸ்டீரிங் இடது பக்கம் இருக்கும். அதை வலது பக்கம் மாற்ற வேண்டுமா? வேண்டாம். இடது பக்க ஸ்டீரிங் உள்ள வண்டியில் சரியாக வேலை செய்யும் சைகைக் கருவி இருந்தால் ஓட்டலாம் என்று 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது.

சட்டமும் அசலைத்தான் கேட்கிறது

2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்காகத் தனி விதிகளைக் கொண்டுவந்தது. 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு இது பொருந்தும். ஆனால் ஒரு நிபந்தனை. வண்டி பழைய கோலத்திலேயே இருக்க வேண்டும். சேசிஸையோ கூட்டையோ என்ஜினையோ பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது!

புதிதாகப் பதிவு செய்யக் கட்டணம் 20 ஆயிரம் ரூபாய். அது 10 ஆண்டுகளுக்குச் செல்லும். மறுபடி பதிய 5 ஆயிரம் ரூபாய். பழைய பதிவுப் புத்தகமும் இன்சூரன்ஸும் வேண்டும். இறக்குமதி வண்டியானால் சுங்கச் சீட்டும் வேண்டும். பதிவு எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் இருக்கும். இந்த வண்டியைத் தினசரி வேலைக்கோ வாடகைக்கோ ஓட்டக் கூடாது. கண்காட்சிக்கும் பழைய வண்டிகளின் ஊர்வலத்துக்கும் கொண்டுபோகலாம். பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் எடுத்துச் செல்லலாம்.

பேரன் சொன்னபடி உருமாற்றியிருந்தால் என்ன ஆகும்? செலவும் போய், இந்தச் சலுகையும் போய்விடும்!

பழைய வண்டிகளை எப்படிப் பேணுகிறார்கள் என்று நேரில் பார்க்க ஆசையா? கோவையில் 2015-ல் திறந்த ஜி.டி. கார் மியூசியமும், சென்னையில் 2023-ல் திறந்த ஏ.வி.எம். மியூசியமும் இருக்கின்றன. குழந்தைகளை ஒரு நாள் அழைத்துப் போகலாம்.

விற்பதற்கு முன்...

பழைய வண்டியின் மதிப்பு அதன் மினுக்கில் இல்லை. அது எந்தக் காலத்தில், எந்தத் தேவைக்காக, எந்தப் பஞ்சத்தில் பிறந்தது என்பதைச் சொல்லும் அடையாளங்களில் இருக்கிறது. ஒரு மங்கிய நிறம், ஒரு சின்னத் தகடு, போல்ட்டின் தலையில் ஓர் எழுத்து. இவை போனால் மறுபடி வராது. குரோமியம் எப்போது வேண்டுமானாலும் பூசலாம். பூசாமல் இருந்த காலத்தை மறுபடி உண்டாக்க முடியாது.

ஆகவே, உங்கள் வீட்டுத் தொழுவத்திலோ, தோட்டத்து வேப்பமரத்தடியிலோ ஒரு பழைய ஜீப் கிடந்தால், காயலான் கடைக்காரரைக் கூப்பிடுமுன் ஒரு வேலை செய்யுங்கள். ஈரத் துணியால் முகத்தைத் துடைத்துத் துவாரங்களை எண்ணுங்கள். ஒன்பது இருக்கிறதா? அப்படியானால் தராசை எடுத்து வைத்துவிடுங்கள். சேசிஸ் எண்ணைத் தேடுங்கள்!